நாற்பத்து நான்கு மணி நேரம்

அந்தக் கைபேசி சாம்பல் நிறம். பின்மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கும். சத்தத்தை அடைத்து, அதிர்வில் மட்டும் வைத்து, சட்டைக்குள் பனியனோடு ஒட்டினாற்போல் அதை வைத்துக்கொண்டு எட்டு நாள் டியூட்டி பார்த்தேன். முகாமுக்குள் எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது. பிடிபட்டால் கழுத்தில் தொங்கும் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள்; அடுத்த வாரம் ஊரில் இருப்போம். ஆனாலும் அந்த எட்டு நாளும் நான் பயந்தது பிடிபடுவதற்கு அல்ல. அது அதிர்ந்துவிடுமோ என்று பயந்தேன். அதிராமலே போய்விடுமோ என்றும் பயந்தேன். துணி உலர்த்தும் டிரையர்கள் ஓடும்போது தரையே நடுங்கும்; ஒவ்வொரு நடுக்கத்துக்கும் கை நெஞ்சுக்குப் போகும்.

கைபேசி மேடத்துடையது. குவைத்தின் தெற்கே பாலைவனத்தில் இருந்த அமெரிக்க ராணுவ முகாமில், சிப்பாய்களின் துணி துவைக்கும் லாண்டரிக்கு அவர் சூப்பர்வைசர். ராணுவத்தில் இல்லை, எங்களைப் போலவே கம்பெனி ஆள்; அமெரிக்கர் என்பதால் கைபேசிக்கு மட்டும் அனுமதி உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினப் பெண். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அங்கே கிளார்க். சிப்பாய் கொண்டுவரும் பையை அவன் கண் முன்னாலேயே பிரித்து, காலுறை முதற்கொண்டு எண்ணி, சீட்டில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஏற்கெனவே தேதி எழுதும் பைத்தியம் பிடித்தவன் நான். பதினாறு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். அந்த வேலை என் பைத்தியத்துக்குச் சம்பளம் கொடுத்தது.

மேடத்திடம் எங்களுக்கு முதலில் புரியாத பழக்கம் ஒன்று இருந்தது. லாண்டரியில் வேலை செய்த அத்தனை பேரையும், மூட்டை தூக்குகிறவர்களைக்கூட, 'சார்' என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் கிண்டல் என்று நினைத்தோம். நேபாளத்து ஆள் ஒருவர் 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று என்னிடம் வந்து கேட்டார். நான்தான் மெல்ல மேடத்திடம் கேட்டேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “எங்க தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். எழுபது வயசுலயும் அவரை 'ஏ பையா'ன்னுதான் கூப்பிட்டாங்க. செத்ததுக்கு அப்புறம் கல்லறைக் கல்லுலதான் முதல்தடவையா மரியாதையா பேர் வந்துச்சு. அதனால மரியாதைக்கு நான் யாரையும் காக்க வைக்கிறதில்லை.” அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் டைரியில் அன்றன்றைக்கே தமிழில் எழுதிவைத்ததால் எனக்கு இப்போது அவர் குரல் தமிழிலேயே கேட்கிறது.

குவைத் நகரத்தை ஒட்டிய அப்பாசியாவில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். கம்பெனி பஸ் அதிகாலையில் அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். அறைக்கு மூத்தவர் ராமநாதபுரத்து அண்ணன். தண்ணி லாரி டிரைவர், சமையலுக்கும் அவர்தான். மேடத்தைப் பற்றி அவருக்கு ஓயாத ஆர்வம்.

“என்னடா, ஒங்க கருப்பு மேடம் இன்னைக்கி என்ன சொல்லுச்சு?”

“அண்ணே, வெயில்ல நீங்களும் அவங்களும் பக்கத்துல நின்னா அவங்கதான் ஒரு சுத்து வெளுப்பு.”

அறை சிரிக்கும், அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அடுத்த நாளும் 'கருப்பு மேடம்' என்றுதான் கேட்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்த அறையில் நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். எந்தத் தெரு என்று சொன்னதில்லை. கேட்டால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்பேன். எங்கள் தெருவுக்குப் பஸ்ஸே கிடையாது.

அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாறு எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். மாவட்ட நூலகத்தில் தமிழில் கிடைத்ததையெல்லாம் படித்து, வருடங்களை நோட்டில் எழுதிவைத்தவன் நான். ஒரு மத்தியான இடைவேளையில் அவரிடம் பெருமையாக ஒப்பித்தேன். 1863, அடிமைகளை விடுவித்த பிரகடனம். 1954, பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு. 1955, பஸ் புறக்கணிப்பு. 1964, சம உரிமைச் சட்டம். 1965, வாக்குரிமைச் சட்டம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “சார், எல்லாம் சரி. ஆனா நீங்க சொன்னதெல்லாம் தொடங்கின தேதி. முடிஞ்ச தேதின்னு யார் உங்களுக்குச் சொன்னது?” என்றார். நான் சிரித்துக்கொண்டேன். என் நோட்டில் 1965-க்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான்.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை, அவருடைய ஊரின் மேல் புயல் அடித்தது. கரைகள் உடைந்து நகரம் மூழ்கியதை நாங்கள் சிப்பாய்களின் சாப்பாட்டுக்கூடத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூரைகளில் மனிதர்கள் நின்றார்கள். துணியில் எழுதி ஆட்டினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் ஆகியும் அவர்கள் அங்கேயே நின்றார்கள். நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மேடத்தின் அம்மாவால் படி இறங்க முடியாது. அம்மாவை விட்டுப்போக மனமில்லாமல் தம்பியும் அந்த மாடிவீட்டிலேயே தங்கிவிட்டார். தம்பிக்கு முப்பத்தைந்து வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். அந்த ஊர் எண்கள் எதுவுமே கிடைக்கவில்லை. மேடத்துக்கு அந்த நாட்களில் வடக்கே இன்னொரு முகாமில் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். வழியிலும் அங்கேயும் சிக்னல் கிடையாது. அதனால்தான் கைபேசியை என்னிடம் கொடுத்தார். “யார் கூப்பிட்டாலும் எடுங்க. சொல்றதை அப்படியே எழுதிக்குங்க. சீட்டுல எழுதற மாதிரி.”

வெள்ளத்துக்குத்தான் அவர் பயப்படுகிறார் என்று நினைத்து, தண்ணீர் வடிகிறதாம், செய்தியில் சொன்னார்கள் என்று ஒரு மாலை ஆறுதல் சொன்னேன். அவர் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை உடைத்துப் பொருள் எடுப்பவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு என்று பேச்சு வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் போலீஸ், நடந்து வந்த மக்களைப் பாலத்தில் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பின்னால் கேள்விப்பட்டோம். “தண்ணி என் தம்பியைக் கொல்லாது சார், அவன் நல்லா நீந்துவான். அம்மாவுக்கு மருந்து தீர்ந்திருக்கும். அவன் மருந்து தேடித் தெருவுக்கு வருவான். ஆறடி உயரம், கையில ஒரு பை. அவனைப் பார்க்கிறவன் யாரைப் பார்ப்பான்?” என்றார். அதன் பிறகு தொலைக்காட்சியில் கையில் பையோடு யார் நடந்தாலும் அவர் உயரத்தைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எங்கள் அறைப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வளைகுடாவில் தமிழர் அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். ஊரில் சாவு என்றால் போன் முதலில் சம்பந்தப்பட்டவனுக்கு வராது, அறையிலிருக்கும் மூத்தவருக்கு வரும். அவர் அவனிடம் சொல்லமாட்டார். “அப்பாவுக்கு லேசா முடியலையாம், ஒரு எட்டுப் பாத்துட்டு வா” என்பார். மற்றவர்கள் அதற்குள் கம்பெனியில் பேசி எமர்ஜென்சி லீவு வாங்குவார்கள், டிக்கெட் போடுவார்கள், பெட்டி கட்டுவார்கள். சிரித்துப் பேசியபடியே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவார்கள். 2003-இல் என் அப்பா இறந்தபோது எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அப்பாவுக்குப் பிடித்த டார்ச் லைட்டை வாங்கி எடுத்துக்கொண்டு போனேன். திருச்சியில் இறங்கி, தலை மழித்துக்கொண்டு நின்ற என் அத்தான் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அந்த நான்கரை மணி நேர விமானப் பயணத்தில் என் அப்பா எனக்கு உயிரோடு இருந்தார். அதை எனக்குக் கொடுத்தது ராமநாதபுரத்து அண்ணன். அதைவிடப் பெரிய அன்பு இருக்கமுடியாது என்று நினைத்திருந்தேன்.

புயலுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு என் நெஞ்சு அதிர்ந்தது. மடித்த விரிப்புகள் அடுக்கியிருந்த அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். ஹூஸ்டனில் வெள்ள அகதிகளைத் தங்கவைத்திருந்த ஓர் அரங்கத்திலிருந்து மேடத்தின் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் பேசினார். அம்மாவும் தானும் லாரியில் ஏற்றப்பட்டுப் பிறகு பஸ்ஸில் அங்கே வந்து சேர்ந்தார்கள், அம்மா சுகம். லாரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தம்பி, கதவு பெயர்ந்து கிடந்த ஒரு மருந்துக் கடைக்குள் போனான். மருந்தும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது போலீஸ் பிடித்துக்கொண்டது. குப்புறப் போட்டு, பிளாஸ்டிக் நாடாவால் கையைக் கட்டி, வண்டியில் ஏற்றியதை லாரியிலிருந்து தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பஸ் நிலையத்தைச் சிறையாக்கியிருக்கிறார்களாம், அங்கேதான் கொண்டுபோயிருப்பார்கள் என்றார். அரங்கத்து மேசை எண்ணை இரண்டு முறை சொன்னார். “உடனே சொல்லிடுங்க. உடனே” என்றார். நான் கையிலிருந்த நோட்டில் அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். நேரம் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் எழுதினேன்.

பிறகு, முகாமுக்கு வெளியே லாரியில் இருந்த அண்ணனை ஆபீஸ் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன்.

“சொல்லிப்புடாதடா,” என்றார் அவர், ஒரு கணம்கூட யோசிக்காமல். “பொம்பளப்புள்ள, ஒத்தையில கெடக்கு. இங்க இருந்து கேட்டா அது என்ன செய்யும்? கத்தி அழுவும். அம்புட்டுத்தான். மொதல்ல லீவைப் போடு, டிக்கெட்டப் போடு. ஏத்திவிடுறப்ப பக்குவமாச் சொல்லிக்கலாம். அமெரிக்காப் போலீசு என்ன நம்மூருப் போலீசா, சோறு போட்டு வெச்சிருப்பான். நீ பதறாத.”

மாலை ஐந்து மணிக்கு மேடம் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன்பே நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அம்மா ஹூஸ்டனில் பத்திரமாக இருக்கிறார் என்றேன். தம்பியையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், வேறோர் இடத்தில் இருக்கிறார், லைன் கிடைத்ததும் அவர்களே மறுபடி கூப்பிடுவார்கள் என்றேன். எண் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அழைப்பு அட்டை வழியாக வந்த போன் என்பதால் திரையிலும் எண் இல்லை. அவர் துணி மூட்டைகளின் மேல் அப்படியே உட்கார்ந்தார். எட்டு நாளாகச் சாப்பிடாதவர் போல் இருந்த முகம் தளர்ந்தது. சிரித்தார், மூக்கைச் சிந்தினார், மறுபடி சிரித்தார். எழுந்துபோய் இரண்டு பெட்டி குளிர்பானம் வாங்கி வந்து, டிரையர்களுக்கு நடுவே நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தார். “சார், எடுத்துக்குங்க. சார், என் அம்மா உயிரோட இருக்காங்க. சார், என் தம்பி.” எனக்கும் ஒன்று கொடுத்தார். குடித்தேன்.

மறுநாள் புதன்கிழமை, நான் மேனேஜரிடம் போனேன். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, வெள்ளைக்காரர், குரலை உயர்த்தாதவர். விஷயத்தைச் சொல்லி, மேடத்துக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டாம், எமர்ஜென்சி லீவு மட்டும் போட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். எதற்காகத் தெரிய வேண்டாம் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். அன்று பகல் முழுவதும் மேடம் வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்ததாக வடக்கு முகாமிலிருந்து வந்த டிரைவர் சொன்னார். அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அது நல்ல காரியம் செய்கிறவனின் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டில் அந்த மேனேஜர் மேடத்தின் மேசைக்குப் போய், தோளில் கை வைத்து, “உங்கள் தம்பி கைதானதற்கு வருந்துகிறேன். லீவு தயார்” என்றிருக்கிறார். அன்பாகத்தான் சொன்னார். சுற்றிலும் இருபது முப்பது பேர் இருந்தார்கள்.

மேடம் ஆபீஸுக்குள் வந்து நின்றபோது மணி 6.40. நான் எழுந்து நின்றேன். கத்துவார், அடிப்பார், என் பேட்ஜைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவைச் சாத்தினார். “போன் எத்தனை மணிக்கு வந்தது?” என்று மட்டும் கேட்டார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். வரி வரியாக, விரலை வைத்துப் படித்தார். எண்ணில் விரல் நின்றது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணினார்.

“நாற்பத்து நாலு மணி நேரம்.”

“மேடம், எங்க வழக்கம்…” என்று ஆரம்பித்தேன்.

“சார், கேளுங்க. எங்க ஊர்ல ஒருத்தனைப் பிடிச்சுட்டுப் போனா எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். யாராவது உடனே போன் பண்ணி, அவன் முழுப்பேரைச் சொல்லிக் கேக்கணும். எங்க வெச்சிருக்கீங்க, எப்படி இருக்கான்னு கேக்கணும். மறுபடி ஒரு மணி நேரத்துல கேக்கணும். இவனைத் தேட ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். கேக்க ஆள் இல்லாதவனை என்ன வேணும்னாலும் செய்யலாம். என் அம்மா எனக்கு நடக்கக் கத்துக்கொடுத்த வயசுலேயே இதையும் கத்துக்கொடுத்தாங்க. நாற்பத்து நாலு மணி நேரமா என் தம்பியை யாரும் கேக்கலை. நான் இங்க கூல்டிரிங்ஸ் கொடுத்துட்டு இருந்தேன்.”

குரல் உயரவே இல்லை. அவர் சொன்னது எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருவில் யாரையாவது போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் கிளம்புவார்கள். என் அம்மாவும் போவாள். ஆறு கிலோமீட்டர் நடந்து, ஸ்டேஷனுக்கு எதிரே மண்ணில் உட்கார்வார்கள். மனு கொடுக்க மாட்டார்கள், கோஷம் போட மாட்டார்கள். சும்மா உட்கார்ந்து, உள்ளே இருப்பவன் பெயரை அவ்வப்போது உரக்கக் கூப்பிடுவார்கள். நாங்கள் வந்திருக்கிறோம் என்று உள்ளே இருப்பவனுக்கும் தெரியவேண்டும், அவனை வைத்திருப்பவனுக்கும் தெரியவேண்டும். என் சின்ன மாமாவைச் சந்தையில் வைத்துப் பிடித்த அன்று தகவல் வர ஒரு நாள் தாமதமானது. அவர் அதற்குப் பிறகு நேராக நடந்ததில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது அமெரிக்கா என்று நினைத்தேன். என் நோட்டில் 1965-க்குக் கீழே கோடு இருந்தது.

அதை அவரிடம் சொன்னேன். என் ஊரை மட்டுமல்ல, தெருவையும் சொன்னேன். குவைத்தில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப உங்களுக்கு மன்னிப்பே கிடையாது சார்” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். “டயல் பண்ணுங்க.”

முதலில் அரங்கத்து மேசை எண். அன்று முதல் பதினொரு நாள், தினமும் மாலை ஐந்து மணிக்குச் சிறைகளையும் போலீஸ் அலுவலகங்களையும் கூப்பிட ஆரம்பிப்போம். அப்போதுதான் அங்கே காலை ஒன்பது. மேடம் டிக்கெட்டை ஒத்திவைத்துவிட்டார். விமானத்தில் இருக்கும் நேரம் முழுக்க யாரும் கேட்காத நேரமாகிவிடும் என்றார். நான் டயல் செய்வேன், அவர் பேசுவார், நான் எழுதுவேன்: எந்த எண், எத்தனை மணி, எடுத்தவர் பெயர், சொன்ன பதில். சிறைகள் மூழ்கியதால் கைதிகளை மாநிலம் முழுவதும் பிரித்து அனுப்பியிருந்தார்கள். பட்டியல் இல்லை என்றார் ஒருவர். பட்டியலில் இல்லை என்றார் இன்னொருவர். அந்த இரண்டுக்கும் நடுவில் மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. ஒருமுறை, அந்தப் பெயரில் யாரும் எங்கும் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மேடம் நன்றி சொல்லி வைத்துவிட்டு, “அடுத்த எண், சார்” என்றார். தம்பியின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் எழுத்துக்கூட்டிச் சொல்வதை அத்தனை முறை கேட்டிருக்கிறேன். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

அறையில் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். “நான் சொன்னது நம்ம புள்ளைகளுக்குடா. செத்தவன் காத்திருப்பான். உசுரோட இருக்கிறவனுக்கு இது ஆகாதுன்னு எனக்குத் தோணலையே,” என்றார். அதற்குப் பிறகு அவர் மேடத்தை 'கருப்பு மேடம்' என்று சொல்லி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாலையும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “கெடச்சுச்சா?” என்பார்.

பன்னிரண்டாம் நாள் கிடைத்தது. நகரத்திலிருந்து வெகுதூரம் வடக்கே ஒரு சிறையில் இருந்த எழுத்தர், பட்டியலைப் புரட்டி, “இருக்கிறார்” என்றார். உயிரோடா என்று மேடம் கேட்டார். “ஆமாம் அம்மா, உயிரோடு” என்றார் அந்த மனிதர், அப்படிக் கேட்பது வழக்கமான கேள்விதான் என்பது போல. இரண்டு நாளில் மேடம் கிளம்பினார். நான் எழுதிய தாள்களை நகலெடுத்துக் கொண்டுபோனார். வக்கீலுக்கு உதவும் என்றார். என்னிடம் கைகொடுத்தபோது பிடி இறுக்கமாக இருந்தது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு மின்னஞ்சல் வரும். தம்பியை நீதிபதி முன்னால் நிறுத்தவே மாதக்கணக்கில் ஆனது. ஒரு புட்டி மருந்துக்கும் நாலு பாட்டில் தண்ணீருக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், ஒப்புக்கொண்டான் என்று எழுதினார். 'வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாக இருக்கிறான்' என்று ஒரு மின்னஞ்சல். அதன் பிறகு எல்லா மின்னஞ்சலிலும் அந்த வாக்கியம் இருக்கும். தம்பி நன்றாக இருக்கிறான். நான் அதைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்டு எழுத நினைப்பேன். பயமாக இருக்கும். விட்டுவிடுவேன்.

2007-இல் நான் துபாய்க்கு வேலை மாறினேன். 2008 நவம்பர் 5, புதன்கிழமை காலை, அமெரிக்காவுக்கு ஒரு கறுப்பர் ஜனாதிபதியாகிறார் என்ற செய்தி வந்தது. பர் துபாயில் நான் டீ குடிக்கும் கடையில் பாகிஸ்தானியரும் மலையாளியும் தமிழரும் தங்கள் வீட்டுக் கல்யாணம் போலப் பேசிக்கொண்டார்கள். “கலாஸ் பாய், எல்லாம் முடிஞ்சுச்சு, இனிமே அங்க எல்லாம் மாறிரும்,” என்றார் என் பக்கத்தில் இருந்த காயல்பட்டினத்துக்காரர். நானும் ஆமாம் என்றேன். அந்தச் சனிக்கிழமை மாலை ஓர் அழைப்பு அட்டை வாங்கி மேடத்தைக் கூப்பிட்டேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல் முறை.

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய் ஓட்டுப் போட்டதைச் சொன்னார். அம்மா அழுததைச் சொன்னார். பிறகு, அதே புதன்கிழமை வேலைக்குப் போகும் வழியில் தம்பியின் காரைப் போலீஸ் நிறுத்தி, அரை மணி நேரம் ரோட்டோரத்தில் உட்கார வைத்ததையும் அதே குரலில் சொன்னார். “தம்பி இங்கதான் இருக்கான். உங்ககிட்ட பேசணும்னான்” என்றார்.

போன் கை மாறியது. “லாண்டரி சாரா?” என்றது ஒரு கனத்த குரல். நான் ஆமாம் என்று சொல்லி, மேலே ஏதோ சொன்னேன். “ஒரு நிமிஷம்” என்றார். உரசும் சத்தம் வந்தது. “இப்ப சொல்லுங்க. அந்தக் காது கேக்காது.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் மறைக்க ஒன்றுமில்லாதவர் போலச் சொன்னார். பஸ் நிலையத்தின் பின்னால் கம்பிவலைக் கூண்டு, சிமெண்ட் தரை. அம்மா எங்கே என்று யாரிடமாவது விசாரித்துச் சொல்லுங்கள் என்று காவலாளி ஒருவனிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டாராம். அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தானாம். “புதன்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு. அப்பதான் டியூட்டி மாத்துவாங்க, அதனால தெரியும்.”

மேடம் போனை வாங்கிக்கொண்டார்.

“சொல்லிட்டானா?”

“நீங்க ஒரு தடவைகூட எழுதலையே மேடம்.”

“நீங்க அங்க ஒத்தையில இருக்கீங்க சார்,” என்றார். “தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்கன்னு இருந்துட்டேன்.”

யாரேனும் போன் செய்து பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காதா என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்போதும் அமெரிக்காவில் ஒரு கறுப்பரைப் போலீஸ் பிடித்தது என்று செய்தி வரும்போது, எத்தனை மணிக்கு என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். பல செய்திகளில் அது இருப்பதில்லை. அன்று அட்டையில் பேசும் நேரம் தீர்ந்து போன் அடங்கியதும் அறைக்குப் போய் 2005-ஆம் வருடத்து டைரியை எடுத்தேன். அங்கே புதன் மத்தியானம் பன்னிரண்டு என்றால் குவைத்தில் புதன் இரவு எட்டு. வார விடுமுறை அப்போது வியாழன், வெள்ளி என்பதால் அறையில் மற்ற ஐந்து பேருக்கும் மறுநாள் லீவு. மேனேஜர் சம்மதித்ததை நான் சொல்லி முடித்திருந்தேன். “பக்குவமா முடிச்சுட்டடா தம்பி,” என்று அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. டைரியில் அந்த நாளுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'இரவு 8. அண்ணன் மீன் குழம்பு. இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.' அதன் கீழே வேறு மையில், 'நியூ ஆர்லியன்ஸ், பகல் 12' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.